பதுளை வீதியிலே

மட்டக்களப்பு என்றவுடன் பாடும் மீனை நினையாதார் இலர். நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மறுநுனியிற் காதை வைத்துக் கேட்டோர் அவ்வின்னொலியின் பெருமையைப் பலவாறு எழுதியுள்ளனர். ஆதலின் அதனை நாம் இங்கு விரித்தல் வேண்டா. அந்த வாவி அறிந்த மற்றொரு செய்தி உண்டு. வீட்டையும் விளைந்த வயலையும் விட்டுப் பெயர்ந்த குடிகள் அதன் கரைகளில் வந்து ஒதுங்கிய செய்தி அது. ஏறக்குறைய 400 ஆண்டுகளாக அது திரும்பத் திரும்ப நிகழ்ந்துள்ளது. சென்ற விடுமுறையில் எம் மாணவர் சிலருடன் அப்பகுதியை மூன்று நாள் சுற்றிவந்தபோது கண்டனவற்றையும், அவற்றோடு பொருந்திய வரலாற்றையும் இங்கே தருகின்றோம்.

இரு கரைகள்

வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. ஞாயிறு எழும் பக்கமாதலின் அப்பெயர் பெற்றது. வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் ஊர்கள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கின்றன. தென்னந்தோப்பு, பாடசாலை, சந்தை, வைத்தியசாலை ஆகியன மிகுதியும் அங்கேயே உள்ளன. படுவான்கரையோ வயலும் குளமும் மாட்டுப் பட்டியும் காடுமாய் விரிந்த நிலம்.

போடியார்கள் பலருக்கு வீடு எழுவானில், வயல் படுவானில். விதைப்புக் காலத்தில் வாவியைக் கடந்து சென்று வாடியிலே தங்குவர். சூடடித்து முடிந்ததும் நெல்லோடு திரும்புவர். வண்டியையும் மாட்டையும் மக்களையும் ஒருங்கே ஏற்றிச் சென்ற பெரிய ஓடத்தை இவ்வூரார் ‘பாதை’ என்று அழைத்தனர். நீரின் மேலுள்ள வழியும் அவர்களுக்குப் பாதைதான். இவ்வாறு வயலுக்குப் போவதும் நெல்லோடு வருவதும் அவர்களின் ஆண்டு வாழ்க்கை. நெல்லின்றி, திரும்பும் நாளும் தெரியாது நீரைக் கடந்து வருவதோ முற்றும் வேறு.

புளியந்தீவிலே

நகரத்தின் நடுவேயுள்ள புளியந்தீவில் வாவியை நோக்கிப் பழைய கோட்டை நிற்கின்றது. 1628-இல் போர்த்துக்கேயர் அதனை எழுப்பினர். 1638 மே 18-இல் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் கூடி அதனைப் பிடித்தனர். பின்னர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. நெடுங்காலம் கச்சேரியாகவும் இருந்தது. இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. மாணவர்கள் கவனிக்க வேண்டியது கோட்டை எழுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது.

1626-இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். வணிகப் போட்டியும் மதப்பகையும் அதற்குக் காரணங்கள். அவ்வாறு வெளியேறியோரைக் கண்டியரசன் செனரத் ஏற்று, அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியமர்த்தினான். அந்நிய வல்லரசொன்றின் ஆணையினால் ஊரிழந்தோர் இம்மண்ணுக்கு வந்ததாக வரலாறு கூறும் பழைய நிகழ்ச்சி இதுவே. அவர்கள் வந்தது குடியேறும் விருப்பத்தினால் அன்று. வந்தபின், இங்கிருந்த தமிழரோடு அயலாராய் வாழ்ந்து, வயல் செய்து, வணிகம் செய்து, இவ்வாவிக்கரை மக்களாயினர்.

மேற்கே செல்லும் வீதி

மறுநாட் காலையில் ஏறாவூரைக் கடந்து செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்பினோம். அங்கிருந்து புறப்படுவதே பதுளை வீதி. கறுத்தப் பாலத்தைத் தாண்டியதும் இருபுறமும் வயல்வெளி. கரடியனாற்றுக்கு அப்பால் வயல் சுருங்கிக் காடு நெருங்குகின்றது. பெரிய புல்லுமலையைக் கடந்தால், மொட்டைப் பாறைகள் மரங்களுக்கு மேலே தலைகாட்டி நிற்கும். பிறகு மகா ஓயா. அதற்கு மேல் நிலம் படிப்படியாக உயர்ந்து, பழைய வெல்லஸ்ஸ நாட்டுக்குள் புகுந்து, ஊவா மலைகளை அடைகின்றது. வெல்லஸ்ஸ என்பதற்கு ‘இலட்சம் வயல்’ என்று சிங்கள மக்கள் பொருள் கூறுவர். அந்நாடு எத்துணைச் செழிப்பாயிருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று.

தார்வீதி வருமுன்னர் இவ்வழியே பொதிமாடுகள் நிரைநிரையாகச் சென்றன. இவற்றைத் தவளம் என்பர். கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே ஏறின. மலைநாட்டிலிருந்து பாக்கும் தானியமும் தேனும் மெழுகும் கீழே இறங்கின. 1766-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமான பிறகு, கண்டி இராச்சியத்துக்குக் கடல் என்பதே இல்லாது போயிற்று. ஆகவே மலைநாட்டு மனிதன் உண்ட உப்பு பிறர் கையிலிருந்தே வரவேண்டியிருந்தது. இதனை நினைவில் வைத்தாற்றான் பின்வரும் செய்தியின் கொடுமை விளங்கும்.

1817–18

1815 மார்ச்சு 2-இல் கண்டி இராச்சியம் பிரித்தானிய முடிக்குக் கீழ்ப்பட்டது. நாயக்கர் வழிவந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சுற்றத்தாரோடு கடல் கடந்து வேலூருக்கு அனுப்பப்பட்டான். 1832-இல் அங்கேயே மாண்டான். மூன்று ஆண்டுகள் செல்லுமுன்னர், 1817-இன் பிற்பகுதியில், வெல்லஸ்ஸவிலும் விந்தனையிலும் கிளர்ச்சி மூண்டது. மன்னனின் உறவினனான துரைசாமி தானே என்று கூறிக்கொண்டு ஒருவன் தோன்றினான். மக்கள் அவனை அரசனாக ஏற்றனர். பதுளையிலிருந்து நிலைமையை அறியச் சென்ற வில்சன் என்னும் அதிகாரி அம்பினால் வீழ்த்தப்பட்டார். கிளர்ச்சியை அடக்கும்படி அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை, தமக்கு வழங்கப்பட்ட ஆயுதங்களைத் திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். தேசாதிபதி பிரௌன்றிக் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். மட்டக்களப்பிலிருந்தும் பிற துறைமுகங்களிலிருந்தும் படைகள் மேலே ஏறின. இந்தியாவிலிருந்தும் துணைப்படை வந்தது.

கிளர்ச்சியாளர் வெளியில் அணிவகுத்து நின்று போர் செய்யவில்லை. காட்டிலிருந்து எய்தனர், காட்டுக்குள் மறைந்தனர். அவர்களுக்குச் சோறு கொடுத்தது ஊர், வழிகாட்டியதும் ஊர். ஆகவே பிரித்தானியப் படை ஊரையே பகையாகக் கொண்டது. வீடுகள் எரிக்கப்பட்டன. தானியம் கைப்பற்றப்பட்டது, எடுத்துச் செல்ல இயலாதது தீக்கிரையாயிற்று. மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. பயன்தரு மரங்கள் தறிக்கப்பட்டன. மக்களைக் கயிற்றாற் கட்டி இழுத்துப் பெயர்க்க வேண்டிய தேவை அங்கே இருக்கவில்லை. ஊரில் இருக்கவியலாமற் செய்தாலே போதுமாயிற்று. பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் காட்டுக்குட் புகுந்தனர்.

நெல் விளைவிக்கும் குடிக்கு இடப்பெயர்வு என்பது வீட்டை விட்டு வருவது மாத்திரமன்று. மழையை நம்பிய விதைப்புக்கு நாள் உண்டு. அந்நாள் தவறினால் ஓராண்டு போயிற்று. விதைநெல்லையும் உண்டுவிட்டால் மறு ஆண்டும் போயிற்று. எருமை இல்லையேல் சேற்றை மிதிக்க வழியில்லை. குளக்கட்டைப் பார்ப்பார் இல்லையேல் ஒரு பெருமழையில் அது உடைந்துவிடும். உடைந்த குளத்தைக் கட்ட ஊர் முழுதும் கூட வேண்டும். கூடுவதற்கோ ஊர் இல்லை. இதற்கிடையே காட்டில் காய்ச்சல் பற்றும். உப்பும் இராது. ஒரு சில வாரத் தீ பல ஆண்டுப் பஞ்சமாக மாறும் வகை இதுவே.

அக்காலத்தில் படை வைத்தியராக இலங்கையில் இருந்த ஜோன் டேவி 1821-இல் வெளியிட்ட நூலில் இவ்விழப்பை மதிப்பிட முயன்றுள்ளார். பிரித்தானியப் படையில் இறந்தோர் ஆயிரம் அளவினர் என்றும், அவருட் பெரும்பாலோர் நோயினால் மாண்டோர் என்றும் அவர் கருதினார். நாட்டு மக்களுள், போரிலும் தண்டனையிலும் நோயிலும் பசியிலும் மாண்டோர் அதனினும் பத்து மடங்கு, அஃதாவது 10,000 பேர் வரை இருக்கலாம் என்பது அவர் மதிப்பு. அது வென்ற பக்கத்தைச் சேர்ந்த ஒருவரின் மதிப்பு என்பதையும், அவர்தாமே சரியாகக் கணக்கிட இயலாதென்று ஒப்பியதையும் மறத்தலாகாது. படைவீரனின் சாவு ஏட்டில் ஏறிற்று. காட்டில் மாண்ட பிள்ளையின் சாவை எழுதுவார் இருக்கவில்லை.

இடையில் அகப்பட்ட மற்றொரு கூட்டத்தாரும் உளர். வெல்லஸ்ஸவில் தவளம் ஓட்டி வாழ்ந்த முஸ்லிம்களை, சிங்களத் தலைவரின் அதிகாரத்தினின்று பிரித்துத் தனித் தலைவர் ஒருவரின் கீழ் வைத்தனர் பிரித்தானியர். அத்தலைவரைக் கிளர்ச்சியாளர் பிடித்துக் கொன்றனர். ஆட்சியாளர் வகுத்த பிரிவுக்கு விலை கொடுத்தவர் அயலார்கள். உப்பு கொடுத்தவனும் தானியம் கொடுத்தவனும் ஒரே பருவத்தில் பகைவராயினர்.

கெப்பெட்டிப்பொல 1818 நவம்பரில் கண்டியிலே தலை துணிக்கப்பட்டார். பிரித்தானியர் துரோகிகள் எனப் பிரகடனஞ் செய்த தலைவர்களின் பெயர்கள், 2016-இல் இலங்கை அரசினால் அப்பழி நீக்கப்பெற்றுத் தேசிய வீரர் வரிசையில் வைக்கப்பட்டன. அது தகும். ஆயின், ஊரிழந்து காட்டில் மாண்டோரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. ஆதலின் நீக்கவும் சேர்க்கவும் ஒன்றுமில்லாதாயிற்று.

பிற நாடுகளில்

மகா ஓயாவில் தேநீருக்காக நின்றபோது மாணவர் ஒருவர், “இப்படிப் பிற நாடுகளிலும் நடந்ததா, சேர்?” என்று வினவினார். அதற்கான விடையின் ஒரு பகுதி அவ்வீதியின் மறுமுனையிலேயே இருக்கின்றது. பதுளைக்கு அப்பால் ஊவா மலையிலுள்ள தியத்தலாவைக்கு, 1900-ஆம் ஆண்டு முதல், தென்னாப்பிரிக்காவில் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்ட போயர் வீரர் ஏறத்தாழ 5,000 பேர் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் இங்கே முள்வேலிக்குள் இருந்த காலத்தில், அங்கே அவர்தம் பண்ணைகள் எரிக்கப்பட்டன. மனைவி மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1902-இல் போர் முடியுமுன் அம்முகாம்களில் மாண்டோர் ஏறத்தாழ 28,000 பேர். அவருட் பெரும்பாலோர் குழந்தைகள். சின்னமுத்தும் நெருப்புக் காய்ச்சலும் அவர்களைக் கொண்டுபோயின. ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களுக்கெனத் தனி முகாம்கள் இருந்தன. அங்கு மாண்டோரை ஒழுங்காக எண்ணவும் இல்லை. வெல்லஸ்ஸவில் ஊரை எரித்துக் காட்டுக்கு விரட்டினர். தென்னாப்பிரிக்காவில் ஊரை எரித்து வேலிக்குள் அடைத்தனர்.

மலாயாவில் அம்முறை இன்னும் ஒழுங்குபெற்றது. அந்நாட்டில் உழைத்த உறவினர் உடைய குடும்பங்கள் நம்மிடையே பலவாதலின் இதனை அறிதல் நன்று. 1948-இல் அங்கு அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. 1950 முதல் பிரிக்ஸ் என்னும் தளபதியின் திட்டப்படி, காட்டோரத்தில் வாழ்ந்தோர், பெரும்பாலும் சீனர், ஏறத்தாழ 500,000 பேர் ‘புதுக்கிராமங்கள்’ என்ற வேலியடைத்த ஊர்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டங்களில் இரப்பர் வெட்டிய தமிழ்த் தொழிலாளர் பலரும் தத்தம் தோட்டத்துள்ளேயே வேலிக்குள் ஒருங்கே சேர்க்கப்பட்டனர். அரிசி பங்கீட்டில் வந்தது. வேலையிடத்துக்குச் சோற்றுப் பொதி கொண்டுசெல்லவும் பல இடங்களில் தடை இருந்தது. காட்டிலிருப்போனுக்கு ஒரு பிடி சோறும் போகலாகாது என்பதே நோக்கம். பின்னர் கென்யாவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரும், அல்ஜீரியாவில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோரும் இவ்வாறே ஊர் பெயர்க்கப்பட்டனர். இந்நாடுகள் யாவும் பின்னர் விடுதலை பெற்றன. விடுதலை நாளின் கொடியேற்றம் நூல்களில் இருக்கின்றது. அதற்கு முன்னர் வேலிக்குள் கழிந்த நாட்களைப் பற்றிய ஏடுகள் சிலவே.

படுவான்கரை வழியே

மூன்றாம் நாள் கரடியனாற்றிலிருந்து உட்பாதையால் உன்னிச்சைக் குளத்துப் பக்கமாக வந்து, படுவான்கரை ஊர்களுக்குள் புகுந்தோம். அறுவடை முடிந்த வயல்களிலே மாடுகள் மேய்ந்தன. கொக்குகள் அவற்றைத் தொடர்ந்தன. இன்று அமைதி நிலவும் இவ்விடம் 2007-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இருந்த நிலையை மாணவர்களால் நினைத்துப் பார்க்கவும் இயலவில்லை. அன்று அவர்கள் கைக்குழந்தைகள். சிலர் பிறந்திருக்கவும் இல்லை. அரசுப் படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நடந்த போர், அவ்வாண்டு சனவரியில் வாகரையைக் கடந்து, மார்ச்சில் படுவான்கரைக்கு வந்தது. அம்மாத முடிவில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்திருந்தோர் தொகை 150,000 பேரளவில் இருந்தது. பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் உறவினர் திண்ணைகளிலும் அவர்கள் தங்கினர்.

அப்போரை விடுதலைப் போர் என்பாரும், அன்று என்பாரும் உளர். அவ்வழக்கைத் தீர்க்க நாம் இங்கே புகவில்லை. ஊரிழந்தவளுக்கு அவ்வழக்கு எதுவாயினும் ஒன்றே. வேலியோரம் நின்ற மூதாட்டி ஒருவர் எம்மைக் கண்டு, “ஆரு மனே, பள்ளிக்கூடத்தாக்களா?” என்று அன்போடு விசாரித்து இருக்கச் சொன்னார். பேச்சு 2007-க்குச் சென்றது.

“கதிர் பழுத்து நிக்கக்குள்ள வெளிக்கிட்டம், மனே. வெட்டியிருந்தா ஒரு வருசத்துச் சோறு. செல் வந்து விழக்குள்ள நெல்லையா பாக்கிற? புள்ளையளப் புடிச்சிக்கிட்டு வந்ததுதான்.”

திரும்பி வந்தபோது என்ன இருந்தது என்று மாணவர் கேட்டனர்.

“வயல்ல புல்லு. பட்டியில ஒரு மாடும் இல்ல. வீட்டக் கட்டிக்கலாம், மனே. விதைநெல்லு இல்லாமப் போனதுதான் என்னால தாங்க ஏலாமப் போச்சு. அது எங்கட அப்பா காலத்துல இருந்து வச்சு வந்த நெல்லு.”

வெல்லஸ்ஸவைப் பற்றி அம்மூதாட்டி அறிந்திரார். எனினும், எந்த இழப்பு ஏட்டில் ஏறாதென்று மேலே சொன்னோமோ அதனையே அவர் தம் வாயாற் சொன்னார்.

ஒரு தரப்பாரின் துன்பத்தை மட்டும் சொல்லி நிறுத்துதல் முறையன்று. 1990-ஆம் ஆண்டில் படுவான்கரையிலும் பதுளை வீதியை அடுத்தும் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் உயிருக்கஞ்சிக் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் ஓடின; அவ்வூர்களிலும் அவ்வாண்டு ஆகஸ்டில் பெருங்கொலை நிகழ்ந்தது. 1626-இல் வெளியேற்றப்பட்டோரின் வழிவந்தோரும் அவருள் இருந்திருத்தல் கூடும். அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்தும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். குடிபெயர்க்கும் தந்திரம் அந்நியர்க்கே உரியதன்று, கற்றுக்கொள்வாரெல்லாரும் கற்றுக்கொண்டனர்.

கல்நந்தி

மாலையில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தை அடைந்தோம். இது இந்நாட்டார் தேசத்துக்கோயில் எனப் போற்றும் பழம்பதி. இங்குள்ள கல்நந்தியைப் பற்றி வழங்கும் கதையை அறியாதார் இப்பகுதியில் இல்லை. கோயிலை இடிக்க வந்த பறங்கித் தலைவன், “இக்கல் மாடு புல் தின்னுமோ?” என்று எள்ளி நகைத்தான் என்றும், நந்தி எழுந்து புல்லுண்டது என்றும், அவன் அஞ்சித் திரும்பினான் என்றும் கூறுவர். இக்கதையில் பகைவனைக் கொன்ற செய்தி இல்லை. அவன் நாட்டைக் கவர்ந்த செய்தியும் இல்லை. வந்தவன் திரும்பிப் போனான், ஊர் இருந்த இடத்தில் இருந்தது என்பதோடு கதை முடிகின்றது. குடிமக்கள் வேண்டுவது அதற்கு மேல் ஒன்றுமில்லை போலும்.

அங்கிருந்து மண்முனைக்கு வந்தோம். பலகாலம் ‘பாதை’ ஓடிய அத்துறையில் 2014-இல் பாலம் கட்டப்பட்டது. பாலத்தின் மேலே உழவு இயந்திரங்கள் நெல்மூட்டைகளோடு எழுவான்கரை நோக்கிச் சென்றன.

மாணவர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்று. வெற்றி கொண்ட கோட்டைகளின் தேதிகளை எவரும் மறக்கப்போவதில்லை. அவை கல்லில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலே, அல்லது அயல் வீட்டிலே, ஊர் விட்டு வந்தோர் எவரேனும் இருப்பர். எந்த ஆண்டு, எந்த மாதம், வயலில் என்ன நின்றது, கையில் என்ன எடுத்து வந்தனர், யார் திரும்பவில்லை என்று அவர்களிடம் கேட்டு ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வையுங்கள். தமிழர் வீட்டில் மாத்திரமன்றி, முஸ்லிம் நண்பன் வீட்டிலும், மகா ஓயாப் பக்கத்துச் சிங்களத் தோழன் வீட்டிலும் கேளுங்கள். வெல்லஸ்ஸவில் அப்படிக் கேட்டு எழுத ஒருவரும் இல்லாததினாற்றான், அங்கே மாண்டோர் எத்தனை பேர் என்று இன்று நாம் ஒரு படை வைத்தியரின் நூலைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கின்றது.